என் சிரிப்பில் பிழைத்த அண்ணன்

செம்பனைத் தோட்டத்து வீட்டின் பின்புறம், தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் அண்ணன் ஏறி நிற்கிறான். தலையில் அப்பாவின் தொப்பி, கையில் ஒரு குச்சி. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போது மண்டோர் எப்படித் தொண்டையைக் கனைப்பார், ஒருவரைப் பார்த்துக்கொண்டே இன்னொருவரை எப்படித் திட்டுவார் என்று செய்துகாட்டுகிறான். துவைத்துக்கொண்டிருந்த நான் துணியைக் கீழே போட்டுவிட்டுச் சிரிக்கிறேன். என் சிரிப்பு அப்போதே ஒரு தினுசாகத்தான் இருக்கும். முதலில் சத்தமே வராது, மூச்சு மட்டும் உள்ளே இழுக்கும். பிறகு விக்கும். அதன்பின் பழைய மோட்டார் சைக்கிளை உதைத்து உதைத்து ஒருவழியாகப் பிடித்துக்கொண்டதுபோல் படபடவென்று கிளம்பும். கிளம்பிவிட்டால் சீக்கிரம் நிற்காது. பக்கத்து வீட்டுக்காரர்கள் என்னவோ ஏதோவென்று எட்டிப் பார்ப்பார்கள், பிறகு அவர்களும் சிரிப்பார்கள்.

அண்ணனுக்கு அந்தச் சிரிப்பு போதும். பள்ளிக்கூட வாத்தியார், கோயில் பூசாரி, ஐஸ் விற்க வரும் சீனக் கிழவர், யாரைப் பிடித்தாலும் முதலில் என்னிடம்தான் செய்துகாட்டுவான். நான் உதட்டை மட்டும் விரித்தால் "சரி, இது ஆவாது" என்று விட்டுவிடுவான். நான் விழுந்து விழுந்து சிரித்தால் மறுநாள் தோட்டம் முழுக்க அதைச் செய்துகாட்டுவான். தங்கச்சி பொய்யாகச் சிரிக்க மாட்டாள் என்று அவனுக்கு ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கை இன்றுவரை அவனுக்குப் போகவில்லை.

அண்ணனை உங்களில் பலர் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். பெயரைச் சொல்லப் போவதில்லை. வேண்டிய மட்டும் பேர் எடுத்துவிட்டான், என் பங்குக்கு வேறு எதற்கு? மூத்தவன் என்ற மரியாதைக்கு 'அவர்' என்று எழுதலாம். மனம் வரவில்லை.

நான் படிவம் மூன்றில் படிக்கும்போது அப்பா தவறினார். எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டியவர். தோட்டத்து வீட்டைக் காலி செய்துவிட்டு அம்மாவும் அண்ணனும் நானும் லூனாஸ் ஊரில் ஒரு தாமான் குடியிருப்பில் சின்ன வீட்டுக்கு வந்தோம். அண்ணன் பகலில் டயர் கடையில் வேலை பார்த்தான். சனி, ஞாயிறுகளில் கல்யாண விருந்துகளில் மைக் பிடித்தான். பெண்ணையும் மாப்பிள்ளையையும் மேடைக்கு அழைப்பது, கேக் வெட்டச் சொல்வது, நடுவில் நாலு துணுக்கு சொல்வது, அவ்வளவுதான் வேலை. விருந்துக்கு வந்தவர்கள் கோழிப் பொரியலைப் பார்ப்பார்களா, இவனைப் பார்ப்பார்களா? கூலிமில் ஒரு விருந்தில் என்ன சொல்லியும் ஒரு மேசைகூடத் திரும்பவில்லையாம். வேறு வழி தெரியாமல், "எங்க வீட்ல ஒரு தங்கச்சி இருக்கு, அது சிரிச்சா எப்படி இருக்கும் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு என் சிரிப்பை மைக்கில் விட்டிருக்கிறான். மண்டபம் அதிர்ந்துவிட்டதாம். வீட்டுக்கு வந்து அவனே சொன்னான். அதைக் கேட்டு நானும் சிரித்தேன். அன்றைக்கு எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது.

அதன்பின் அவன் பிழைப்பே அதுதான் என்றாகிவிட்டது. துணுக்கைச் சொல்வான், ஒரு மூச்சு நிறுத்துவான், பிறகு என் சிரிப்பை இழுப்பான். முதல் இழுப்பிலேயே முன்வரிசை ஆரம்பித்துவிடும். துணுக்கு உப்புச்சப்பில்லாமல் இருந்தாலும் கவலையில்லை. அந்தச் சத்தம் கேட்டால் சிரிக்க வேண்டும் என்று சனங்களைப் பழக்கிவிட்டான். 'மோட்டார் தங்கச்சி' என்று அதற்குப் பெயரும் வைத்தான். டயர் கடையை விட்டான். சுங்கைப் பட்டாணியில் தனியாக மேடையேறி ஒரு மாலை முழுக்கப் பேசினான், பிறகு பினாங்கு, பிறகு கோலாலம்பூர். மேடையில் தனியாக நின்று பேசுகிறவர்களில் இப்படி ஒருத்தன் இல்லை என்றார்கள். தனியாகவா நின்றான்? என்னையும் சேர்த்துத்தான் இழுத்துக்கொண்டு போய் நிறுத்தினான்.

நான் பாசாருக்கு மீன் வாங்கப் போனால் வெங்காய மூட்டை இறக்கும் பையன்கள் மோட்டாரைக் கிளப்புவார்கள். கோயிலில் அர்ச்சனைச் சீட்டு எழுதுகிறவர்கூட, "என்னாம்மா, இன்னிக்கு வண்டி ஸ்டார்ட் ஆவலியா?" என்பார். முதலில் சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொண்டேன். பிறகு சிரிப்பதையே விட்டேன். அந்தச் சமயத்தில் கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை கிடைத்திருந்தது. தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு, முகமூடி, கண் மட்டும்தான் வெளியே தெரியும். மற்றப் பெண்கள் மூச்சு முட்டுகிறது என்று புலம்புவார்கள். எனக்கு அது சௌகரியமாக இருந்தது.

பிறகு ஒரு வரன் வந்தது. சுங்கைப் பட்டாணிப் பையன், எங்கள் தொழிற்சாலையிலேயே வேறு பிரிவில் இயந்திரம் பழுது பார்ப்பவர். சாப்பாட்டுக் கூடத்தில் பார்த்திருக்கிறேன், பிடித்துமிருந்தது. மறைப்பதற்கு இதில் என்ன இருக்கிறது? அவர்கள் பெண் பார்க்க வந்த அன்று அண்ணனுக்கு ஈப்போவில் நிகழ்ச்சி, வீட்டில் இல்லை. தட்டில் தேநீர் கொண்டுபோய் வைத்தேன். மாப்பிள்ளையின் அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா பேச்சுவாக்கில் அண்ணனின் பெயரைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"ஐயோ, அந்த மோட்டார் தங்கச்சி நீங்கதானா? நாங்க எல்லாம் அவர் ஃபேன்லா. ஒரே ஒரு தரம் சிரிச்சுக் காட்டுங்களேன்."

"புள்ளைக்கு வெக்கம்" என்றார் அம்மா.

"சும்மா ஒரு தரம்தானேம்மா. வீடியோகூட எடுக்க மாட்டோம்."

எல்லோரும் காத்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். மாப்பிள்ளையும் நாற்காலியில் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வெறும் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன், அவர்கள் கிளம்பும் வரை வெளியே வரவில்லை. பெண் உம்மென்று இருக்கிறது, அண்ணன் மாதிரிக் கலகலப்பாக இருக்கும் என்று நினைத்தோம் என்று பிறகு சொல்லியனுப்பினார்கள்.

அண்ணன் வந்ததும் அவனிடம் சொல்லி அழுதேன். அப்பா இல்லாத வீட்டில் வேறு யாரிடம் சொல்வது? அவன் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, பொறுமையாகக் கேட்டான். இடையிடையே, "அந்த அக்கா என்னா சொன்னாங்க? அப்படியே சொல்லு" என்றான். "மாப்புள மூஞ்சி எப்படி இருந்துச்சு?" என்றான். நான் மூக்கைச் சிந்திக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். என்மேல் இத்தனை அக்கறையா என்று நினைத்தேன், கேளுங்கள். அன்றைக்கு இருந்த அந்த முட்டாள் பெண்ணை நினைத்தால் இப்போதும் எனக்கு அவள்மேல்தான் முதலில் கோபம் வருகிறது.

கொஞ்ச நாளிலேயே, தொழிற்சாலைப் பேருந்தில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். முன் இருக்கையில் இரண்டு பெண்கள் கைப்பேசியில் எதையோ பார்த்துச் சிரித்தார்கள், சத்தத்தைக் கூட்டினார்கள். அண்ணனின் குரல். "எந்தங்கச்சியப் பொண்ணு பாக்க வந்தாங்க சார்" என்று ஆரம்பித்தான். மாப்பிள்ளையின் அக்கா, வீடியோ எடுக்க மாட்டோம் என்றது, கோப்பையைக் கீழே வைத்த அப்பா, முன்னால் நகர்ந்த மாப்பிள்ளை, நான் அழுதுகொண்டே கொடுத்ததெல்லாம் வரிசை மாறாமல் இருந்தது. முடிவை மட்டும் மாற்றியிருந்தான். அவன் கதையில் நான் சிரிக்கிறேன். மோட்டார் கிளம்புகிறது, தேநீர் மாப்பிள்ளையின் மடியில் கவிழ்கிறது, அவர் காடியில் ஏறிச் சுங்கைப் பட்டாணி வரை திரும்பிப் பார்க்காமல் ஓட்டுகிறார். மண்டபம் அலறியது. பேருந்தும் அலறியது. பிறகு யாரோ என்னைப் பார்த்துவிட்டு அந்தப் பெண்ணின் தோளைத் தட்டினார்கள், கைப்பேசி அணைந்தது. அந்தப் பேருந்தில்தான் அந்த மாப்பிள்ளையும் வருவார். அன்றைக்கும் பின்னால்தான் உட்கார்ந்திருந்தார்.

"அத நிறுத்துண்ணே" என்றேன் வீட்டுக்கு வந்து.

"ஒன் பேரச் சொன்னேனா? மொகத்தக் காட்டுனேனா? எல்லா வீட்லயும்தான் தங்கச்சி இருக்கு" என்றான். "சனங்க சிரிக்கிறாங்கலா. நீயும் சிரிச்சுட்டுப் போ."

அம்மா குழம்பைக் கிளறிக்கொண்டே, "அவன் தொழிலுடி அது. அதுலதான நாம சாப்புடுறோம்" என்றார். நான் மாதாமாதம் கொடுத்தது எந்தச் சட்டிக்குள் போனதோ தெரியவில்லை.

அந்தப் பெண் பார்க்கும் கதைதான் அவனைத் தொலைக்காட்சியில் கொண்டுபோய் விட்டது. அதைப் பார்த்துவிட்டுத்தான் ஒரு தொடரில் நடிக்கக் கூப்பிட்டார்கள். முதலில் கதாநாயகனோடு சுற்றும் கோமாளி வேடம், அங்கேயும் என் சிரிப்புதான். பிறகு அவனுக்கு ஓர் ஆசை பிடித்தது. எத்தனை நாளைக்குக் கோமாளியாகவே இருப்பது, அழ வைக்கிறவனைத்தான் நடிகன் என்கிறார்கள் என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தான். கேட்டபடியே வேடமும் கிடைத்தது. என்ன வேடம் என்கிறீர்கள்? தங்கைக்காக வாழ்கிற அண்ணன். அப்பா இல்லாத வீட்டில் தங்கையைக் கரையேற்றப் பாடுபடுகிறவன். தங்கையை ஒருவன் கேலி செய்துவிட்டான் என்று ஓர் அத்தியாயத்தில் அவனை ஓட ஓட விரட்டி அடித்தான். நான் அதை அம்மாவோடு உட்கார்ந்து பார்த்தேன். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பாசாரில் மோட்டார் கிளப்பிய அதே வாய்கள் இப்போது, "இப்படி ஒரு அண்ணன் கெடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்மா" என்றன. நானும் தலையாட்டினேன். பழகிவிட்டது. ஒரு பேட்டி மட்டும் வராமல் இருந்திருந்தால் இப்படியே தலையாட்டிக்கொண்டு போயிருப்பேன். அந்தப் பேட்டியில், வேடத்தில் இவ்வளவு உருக்கம் எப்படி வந்தது என்று கேட்டார்கள். அண்ணன் தலையைக் குனிந்து, கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சினான். "எனக்கும் ஒரு தங்கச்சி இருக்காங்க. நான் கலைத்துறையில முன்னுக்கு வரணும்னு, அம்மாவப் பார்த்துக்கிட்டு, தனக்குக் கல்யாணமே வேணாம்னு இருந்துட்டாங்க. அவங்க தியாகம்தான் நான்" என்றான். நான் கல்யாணம் வேண்டாம் என்று யாரிடம் சொன்னேன்? சிரிப்பை எடுத்தான், வந்த வரனை எடுத்தான், அது போகட்டும். நடந்ததையே எடுத்து மாற்றி எழுதி, எனக்கு மாலையும் போட்டுவிட்டான். அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

தொடர் முடிந்ததைக் கொண்டாட, சுங்கைப் பட்டாணியில் ஒரு மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை மாலை விழா வைத்தார்கள். நடிகர்கள் தொடரின் முக்கியமான காட்சிகளை மேடையில் நேரில் நடித்துக் காட்டுவார்கள் என்று விளம்பரம். அண்ணன் எங்களுக்கு முன்வரிசையில் இடம் போட்டிருந்தான். அடுத்து ஒரு பெரிய படத்தில் அப்பா வேடத்துக்கு அவனை எடுப்பதற்காக யாரோ கோலாலம்பூரிலிருந்து வந்து பார்க்கப்போகிறார்கள், அழும் காட்சி நன்றாக அமைந்துவிட்டால் போதும் என்று தொலைபேசியில் சொன்னான். அம்மாவை முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டு, தலை வலிக்கிறது, காற்றாட நிற்கிறேன் என்று பின்கதவுப் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

கடைசிக் காட்சி. நிச்சயமான தங்கை விபத்தில் இறந்துவிடுகிறாள். மேடையில் ஒரு பெஞ்சு, அதில் வெள்ளைத் துணி போர்த்திய நடிகை. அண்ணன் கூறைப்புடவையைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தான். மண்டியிட்டான். அவன் எப்படி நடித்தான் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நன்றாகத்தான் நடித்தான். புடவையைப் பிரித்து அவள்மேல் போர்த்தி, மடிப்பு மடிப்பாக நீவிவிட்டான். மண்டபத்தில் அத்தனை பேர் இருந்தும் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. அது நடிப்பு என்பது எனக்கே மறந்துபோயிற்று. அப்பா போன அன்று இவன் இப்படித்தான் மண்டியிட்டு அழுதான்.

"எந்திரிம்மா தங்கச்சி" என்றான். "மாப்புள வீட்டுக்காரங்க வந்திருக்காங்க."

நான் மூச்சை உள்ளே இழுத்தேன். வருமோ வராதோ என்று பயமாகத்தான் இருந்தது. விட்டு எத்தனையோ வருடமாகிவிட்டது. முதலில் விக்கியது. பக்கத்தில் நின்றவர் நான் அழுகிறேன் என்று நினைத்துக் கைக்குட்டையை நீட்டினார். பிறகு பிடித்துக்கொண்டது. படபடவென்று கிளம்பி, அந்த மண்டபத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போயிற்று.

ஒரு நொடி யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் நடுவரிசையில் ஒருவர் களுக்கென்று சிரித்தார். அடுத்து ஒரு வரிசை. அவ்வளவுதான். அந்தச் சத்தம் கேட்டால் சிரிக்க வேண்டும் என்று ஊர் ஊராகப் போய் இவர்களைப் பழக்கியவன் அவன்தானே. கண்ணில் நீரோடு இருந்தவர்கள் அந்தக் கண்ணீரோடேயே சிரித்தார்கள். அண்ணன் விடாமல், "தங்கச்சி" என்று குரலை உயர்த்தி அழுதான். அது இன்னும் மோசமாகப் போயிற்று. அவன் விம்ம விம்ம அவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். வெள்ளைத் துணிக்கு அடியில் பிணத்தின் வயிறு குலுங்கியது. அதைப் பார்த்ததும் முன்வரிசைப் பெரிய மனிதர்களாலும் அடக்க முடியாமல் போயிற்று. திரையை இழுத்துவிட்டார்கள். அது மூடும்வரை அண்ணன் மண்டியிட்டபடியே பின்கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே இருட்டாக இருந்தது, என் முகம் தெரிந்திருக்காது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

அம்மாவும் நானும் காடியில் திரும்பினோம். பாடாங் செராய் தாண்டியதும், "வேணும்னுதான செஞ்ச" என்றார் அம்மா. நான் சன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டேன்.

மறுநாள் காலையில் நான் பசியாறிக்கொண்டிருக்கும்போது அண்ணன் வந்தான். விடுதியிலிருந்து நேராக வந்திருந்தான், காதோரம் முகப்பூச்சு சரியாகக் கழுவப்படாமல் இருந்தது. சண்டை போடுவான் என்று எதிர்பார்த்தேன், அதற்குத் தயாராகத்தான் இருந்தேன். அவன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து மேசையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"வேணும்னு சிரிச்சியா, இல்ல தானா வந்துச்சா?"

அவன் எந்தப் பதிலை வேண்டுகிறான் என்று அந்தக் குரலிலேயே தெரிந்தது. வேண்டுமென்றுதான் செய்தேன் என்று நான் சொன்னால் போதும். தங்கச்சி பழி வாங்கிவிட்டாள், என் நடிப்பில் குறையில்லை என்று என்னைத் திட்டிவிட்டு நிம்மதியாகப் போய்விடுவான். அந்த நிம்மதியை நான் ஏன் கொடுக்க வேண்டும்?

"தானாத்தாண்ணே வந்துச்சு" என்றேன். "அடக்கித்தான் பாத்தேன். நீ அழுவுறது அவ்ளோ சிரிப்பா இருந்துச்சு."

அம்மா அடுப்படியில் தோசையைத் திருப்பிக்கொண்டிருந்தார். எல்லாம் காதில் விழுந்தது. அண்ணன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். அம்மா ஒன்றும் சொல்லாமல் அவன் தட்டில் ஒரு தோசையை வைத்துவிட்டுப் போனார். அம்மா என் பக்கம் நின்றது எனக்குத் தெரிந்து அந்த ஒரு தடவைதான்.

அவன் நம்பிவிட்டான். ஊரே கைதட்டினாலும் என் முகத்தைப் பார்த்துத்தான் ஒரு வேடிக்கை தேறுமா தேறாதா என்று முடிவு செய்து வளர்ந்தவன், நம்பாமல் என்ன செய்வான்? கோலாலம்பூர்க்காரர்கள் அன்றைக்கு நடந்ததை ஒரு குறும்பு என்று எடுத்துக்கொண்டு, மறுபடியும் கூப்பிட்டிருக்கிறார்கள். அவன்தான் போகவில்லை. இப்போது ஒரு சமையல் நிகழ்ச்சியில் வந்து போகிறவர்களைக் கிண்டலடித்துக்கொண்டிருக்கிறான். மோட்டார் தங்கச்சியை அதில் செய்வதில்லை. அந்தச் சத்தத்தை அவனால் இப்போது கேட்க முடிவதில்லை போலிருக்கிறது.

ஆனாலும் தீபாவளிக்கு வீட்டுக்கு வந்துவிடுகிறான். போன தீபாவளிக்கும் வந்தான். அம்மாவுக்குப் புடவை, எனக்கு ஒரு கைப்பை. சாப்பிட்டு முடித்ததும், தாமான் பாதுகாவலர் தூங்கிக்கொண்டே வணக்கம் வைப்பதை எழுந்து நின்று செய்துகாட்டினான். அம்மா சிரித்தார். அவன் என் முகத்தைப் பார்த்தான். நன்றாகத்தான் இருந்தது. நான் தட்டுகளை அடுக்கினேன்.

கொஞ்ச நேரம் கழித்து, ஏதோ நினைவுக்கு வந்ததுபோல், "ஒரு டெலிமூவி வந்திருக்கு. பிள்ளையப் பறிகொடுத்த அப்பா. நல்ல வேஷம்னு சொல்றாங்க" என்றான். "எடுத்துக்கட்டுமா?"

"ஒனக்கு எதுக்குண்ணே அந்த வேல" என்றேன்.

"ஆமாலா" என்று தலையாட்டிவிட்டு, தட்டிலிருந்து இன்னொரு முறுக்கை எடுத்துக்கொண்டான்.